எங்களையா, நம்மையா?

ஆரணியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பட்டு நெசவாளர்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த நீண்ட கட்டுரை ஒன்றை அவர் தமிழில் மொழிபெயர்த்திருந்தார். அவர் பிறந்த ஊர் ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். அவருடைய பெரியப்பா இன்றைக்கும் குழித்தறியில் உட்காருகிறவர். ஆகவே நண்பருக்கு விஷயமும் தெரியும், ஆங்கிலமும் தெரியும், தமிழும் தடங்கலில்லாமல் வரும். "சும்மா ஒரு முறை கண்ணை ஓட்டிப் பாருங்கள்" என்றுதான் கொடுத்தார்.

கண்ணை ஓட்டிக்கொண்டே போனேன். நாலைந்து பக்கங்களுக்குள் ஒரு சொல் காலில் முள் மாதிரி குத்த ஆரம்பித்தது. 'தங்களை', 'தங்களுக்கு', 'தாங்களாகவே' என்று அது திரும்பத் திரும்ப வந்தது. நெசவாளர்கள் மாலையில் கோயில் திடலில் 'தங்களை மகிழ்வித்துக்கொண்டார்கள்'. கூலி விஷயமாக அவர்கள் 'தங்களுக்குள் தாங்கள் சண்டையிட்டுக்கொண்டார்கள்'. பாவு பிணைக்கும் வேலையைப் பெண்கள் 'தாங்களாகவே செய்தார்கள்'. கடைசியாக, அவர்களுடைய கடனைப் பற்றிய பக்கத்தில் ஒரு வாக்கியம்: இந்த நிலைக்கு அவர்கள் 'தங்களைத் தவிர வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை'.

மூலத்தைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டேன். எல்லா இடத்திலும் ஒரே ஆங்கிலச் சொல்தான் இருந்தது. 'தெம்செல்வ்ஸ்'. நண்பர் அதைக் கண்ட இடமெல்லாம் விசுவாசமாக ஒரு 'தங்களை'யை வைத்துவிட்டார். இந்த விசுவாசத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். இது அவர் ஒருவருடைய குற்றமல்ல. மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமல்ல, மொழிபெயர்ப்பே இல்லாத தமிழ் நாவல்களிலும் இந்த வழக்கம் நுழைந்து வெகுநாளாகிறது. என் பழைய புத்தகங்களைப் புரட்டினால் என் கையும் சுத்தமில்லை என்பது தெரிந்துவிடும்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் தொழில் என்ன என்று பார்ப்போம். 'அவர்செல்வ்ஸ்', 'யுவர்செல்வ்ஸ்', 'தெம்செல்வ்ஸ்' ஆகிய மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. செய்தவர்கள் மேலேயே செயல் திரும்பி வந்து விழுகிறது என்று காட்டுவது இவற்றின் ஒரு வேலை. வேறு யாருமல்ல, அவர்களேதான் என்று அழுத்திச் சொல்வது இன்னொரு வேலை. பழைய ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது வேலைதான் 'செல்ஃப்' என்பதற்கு முக்கியமாக இருந்தது. அவன் அவனை அடித்தான் என்றால், தன்னையே அடித்தானா, எதிரே நின்றவனை அடித்தானா என்பதைக் கேட்பவன் இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அழுத்தச் சொல்லைக் கொண்டுவந்து பிரதிபெயரோடு ஒட்டினார்கள். ஒட்டினது பிறகு பிரியவில்லை. பன்மையில்கூட 'தெம்செல்ஃப்' என்று ஒருமை வாலோடு 14ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. 16ஆம் நூற்றாண்டில்தான் வாலும் பன்மையாகி 'தெம்செல்வ்ஸ்' நிலைத்தது. இப்போது ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லாமல் ஒருவரைக் குறிக்க அந்தப் பழைய ஒருமை வால் திரும்ப முளைத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: 'யூ' என்று சொன்னால் நீயா, நீங்களா என்று ஆங்கிலம் சொல்லாது. ஆனால் 'யுவர்செல்ஃப்', 'யுவர்செல்வ்ஸ்' என்ற இடத்துக்கு வந்ததும் ஒருமையும் பன்மையும் பிரிந்து நின்றுவிடும். வாசலில் தொலைந்தது கொல்லையில் அகப்படுகிற கதைதான்.

இவ்வளவு வேலையையும் ஒரே சொல் தலையில் சுமப்பதால் அதற்குச் சில விஷயங்களைச் சொல்ல முடிவதில்லை. பத்துப் பேர் 'தெம்செல்வ்ஸை' நொந்துகொண்டார்கள் என்றால், ஒவ்வொருவனும் தன்னை நொந்துகொண்டானா, பத்துப் பேரும் சேர்ந்த கூட்டம் தன்னை ஒன்றாக நொந்துகொண்டதா? அந்தச் சொல்லில் பதில் இல்லை. முன்னும் பின்னும் வருகிற வாக்கியங்கள்தான் சொல்ல வேண்டும்.

தமிழில் இந்தச் சங்கடம் இல்லை. அதாவது, இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொல்காப்பியம் பெயரியலில் 'தாம்' என்பதைப் பன்மைக்கும் 'தான்' என்பதை ஒருமைக்கும் உரியதாகச் சொல்லி, உயர்திணை அஃறிணை இரண்டுக்கும் பொதுவான விரவுப்பெயர்களில் சேர்த்திருக்கிறது. இன்று நாம் எழுதும் 'தாங்கள்' அந்தத் 'தாம்' மேல் இன்னொரு பன்மை விகுதியை ஏற்றிப் பிற்காலத்தில் உண்டானது. 'தாம்' என்பது தமிழில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதற்கு உறவுமுறைச் சொற்களே சாட்சி. எம்பி, நும்பி, தம்பி என்று ஒரு காலத்தில் மூன்று இருந்தன. இன்று 'என் தம்பி' என்கிறோம். அதற்குள்ளே ஒரு 'தம்' ஒளிந்திருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை.

'தாம்' மட்டும்தானா? 'தத்தம்' என்று ஒரு சொல் இருக்கிறது. திருவிழா முடிந்து ஜனங்கள் தத்தம் வீட்டுக்குப் போனார்கள் என்றால் ஆளுக்கொரு வீடு என்பது சொல்லாமலே விளங்கும். 'அவரவர்' என்று ஒன்று இருக்கிறது. 'ஒருவரையொருவர்' இருக்கிறது. 'தமக்குள்' இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரதிபெயரே வேண்டாத ஒரு வழி இருக்கிறது. அதுதான் 'கொள்' என்னும் துணைவினை. 'பார்த்தான்' வேறு, 'பார்த்துக்கொண்டான்' வேறு. 'அடித்தார்கள்' வேறு, 'அடித்துக்கொண்டார்கள்' வேறு. நாலு பேர் பேசிக்கொண்டார்கள் என்று எழுதிவிட்டால் 'தங்களுக்குள்' என்பதற்கு அங்கே வேலையே இல்லை. நம் பாட்டிமார்கள் கதை சொன்னபோது இந்தக் 'கொள்'ளை வைத்துக்கொண்டே பாதி 'தங்களை'களை மிச்சம் பிடித்தார்கள்.

இந்தக் கணக்கில் நண்பரின் வாக்கியங்களைத் திருத்துவது சுலபம். நெசவாளர்களுக்குக் கோயில் திடலில் பொழுது இனிமையாகப் போயிற்று. அங்கே யாரும் யாரையும் 'மகிழ்வித்துக்கொள்ள' வேண்டியதில்லை. கூலி விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவ்வளவு போதும். பாவு பிணைக்கிற வாக்கியத்தில்தான் உண்மையான பிழை இருந்தது. தறியில் ஒரு பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்து செய்கிற வேலை. இதைக் கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டுப் பெண்களே செய்தார்கள் என்பது மூலத்தின் பொருள். அதற்குத் தமிழ் 'தாங்களே'. 'தாங்களாகவே' என்றால் யாரும் சொல்லாமல் தம் இஷ்டப்படி செய்தார்கள் என்று ஆகிவிடும். ஒரு 'ஆக' சேர்ந்ததும் பெண்களின் முதுகுவலி அவர்களுடைய பிரியமாக மாறிவிட்டது.

கதை எழுதுகிறவனுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. 'தாங்கள் ஏமாந்துவிட்டதாக நெசவாளர்கள் சொன்னார்கள்' என்று எழுதினால், ஏமாந்தது சொன்னவர்களேதான். 'அவர்கள் ஏமாந்துவிட்டதாக நெசவாளர்கள் சொன்னார்கள்' என்றால், ஏமாந்தது வேறு யாராகவோ இருக்கலாம். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் இரண்டுக்கும் ஒரே 'தே'தான். தமிழில் 'தான்', 'தாம்' வந்த உடனே வாசகன் பாத்திரத்தின் மனசுக்குள்ளே போய்விடுகிறான். அந்த வாக்கியத்தை நினைப்பது யார் என்பதைக் காட்டுகிற விளக்கு அது. 'என்று அவள் மனத்துக்குள் எண்ணினாள்' என்று நாம் பக்கத்துக்குப் பத்து முறை எழுதுகிறோமே, அதில் பாதி இந்த விளக்கை ஏற்றத் தெரியாததால் வந்த வினை.

இதெல்லாம் நடையைப் பற்றிய சங்கதி. கடனைப் பற்றிய அந்த வாக்கியம் மட்டும் நடைத் திருத்தத்தோடு முடிவதாக இல்லை. 'தங்களைத் தவிர வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.' இலக்கணத்தில் பிழை இல்லை. படிக்கும்போது தடுக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய குற்றச்சாட்டு இவ்வளவு வழவழப்பாக உள்ளே போகக்கூடாது என்று தோன்றிற்று. "இதை உங்கள் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினீர்களா?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "வாருங்கள், நீங்களே படித்துக் காட்டுங்கள்" என்றார்.

முள்ளிப்பட்டுக்குப் போனோம். பெரியவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்ததும் நாடாவை ஓரமாக வைத்தார். அவருடைய மனைவி திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நண்பர் விஷயத்தைச் சொல்லி அந்தப் பக்கத்தைப் படித்தார். பெரியவர் கடைசி வாக்கியத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அப்புறம் நண்பரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யாரக் குறை சொல்றாங்க? எங்களையா, இல்ல நம்மளையா?"

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை என்பதுதான் நிஜம். நெய்கிறவர்களை மட்டுமா, அல்லது நெய்கிறவன், நெய்யச் சொல்லி முன்பணம் கொடுக்கிறவன், கடையில் வாங்குகிறவன், இதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன், அதைத் திருத்த வந்திருக்கிற நான் எல்லாரையும் சேர்த்தா என்பது அவர் கேள்வி. பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டியதை அவர் இரண்டு பிரதிபெயர்களில் கேட்டுவிட்டார்.

'நாம்', 'நாங்கள்' என்ற இந்தப் பிரிவு ஆங்கிலத்தில் இல்லை, இந்தியில் இல்லை. தெலுங்கில் இருக்கிறது, மலையாளத்தில் இருக்கிறது. மராத்தியில் இருக்கிற விதம் ரொம்பவும் யோசிக்க வைப்பது. எதிரே நிற்பவனை விட்டுவிட்டுச் சொல்கிற 'நாங்கள்' அங்கே 'ஆம்ஹி'. அவனையும் சேர்த்துக்கொள்கிற 'நாம்' என்பதற்கு 'ஆபண்'. அது ஆத்மா என்ற வேரிலிருந்து வந்த தற்சுட்டுச் சொல், அதாவது நம்முடைய 'தாம்' மாதிரியானது. இந்திக்காரர் மரியாதையாகச் சொல்லும் 'ஆப்' என்பதற்கும் அதே வேர். நாமும் சளைத்தவர்கள் இல்லை. கடிதத்தில் 'தாங்கள் நலமா' என்று எழுதுகிறோம். கன்னடத்தில் 'தாவு', தெலுங்கில் 'தமரு', மலையாளத்தில் 'தாங்கள்', எல்லாமே மரியாதையான முன்னிலை. தன்னைச் சுட்டுகிற சொல்லை எடுத்து எதிரே இருப்பவருக்குக் கொடுப்பதை மரியாதை என்றும், அதே சொல்லால் அவரையும் நம்மோடு சேர்த்துக்கொள்வதை 'நாம்' என்றும் இந்த நாட்டுப் பாஷைகள் ஏதோ ஒரு காலத்தில் தீர்மானித்திருக்கின்றன. தான் என்பதைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் பிறத்தியாரைச் சேர்த்துக்கொள்ளவும் தெரியும் போலிருக்கிறது.

இந்த நாட்டின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய தற்சுட்டுப் பன்மை ஒன்று உண்டு. அரசியலமைப்பின் முகப்புரையில் வருகிற 'அவர்செல்வ்ஸ்' அது. இந்திய மக்கள் இந்தச் சட்டத்தை ஏற்று, இயற்றி, யாருக்கு வழங்குகிறார்கள்? தங்களுக்கே. அந்த வினைத்தொடர் 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசியலமைப்பின் முகப்புரையிலும் அப்படியே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1787இல் எழுதிய அமெரிக்க முகப்புரையும் சுதந்திரத்தின் பலனைத் 'தங்களுக்கும்' தங்கள் சந்ததிக்கும் என்று பேசுகிறது. ராஜா கொடுக்கவில்லை, பாராளுமன்றம் கொடுக்கவில்லை, கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒன்றே என்று சொல்ல ஆங்கிலத்துக்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இந்தி வடிவம் 'ஆத்மார்ப்பித்' என்று ஒரே தொடர்ச்சொல்லில் முடித்துக்கொண்டது. தமிழில் எழுதியவர்களுக்கு அது முடியாது. 'எங்களுக்கு நாங்களே' என்பதா, 'நமக்கு நாமே' என்பதா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். 'நமக்கு நாமே' என்று எழுதினார்கள்.

இது சாமானியமான முடிவு இல்லை. 1949 நவம்பர் 26ஆம் தேதி அந்தச் சபையில் உட்கார்ந்து ஏற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுத்தது மாகாணச் சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளுக்கோ சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒரு தகுதி உடையவர்கள்தான் வோட்டுப் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் வோட்டு வந்தது 1951-52 தேர்தலில்தான். ஆகவே சபையில் இருந்தவர்கள் மட்டும் பேசுவதானால் 'நாங்கள்' என்பதே சரியாக இருந்திருக்கும். அந்த 'நாங்கள்' கேட்பவனை வெளியே நிறுத்தியிருக்கும். 'நாம்' என்றதும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவரும் வழங்குகிறவர்களில் ஒருவராகிவிடுகிறார்.

ஒரு 'நாம்' எவ்வளவு தூரம் எட்டலாம் என்பதில் அந்தச் சபைக்கே கவலை இருந்தது. 1949 அக்டோபர் 17ஆம் தேதி, கடவுளின் பெயரால் என்று தொடங்கிப் பிறகு இந்திய மக்களாகிய நாம் என்று வர வேண்டும் என எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். பக்தியுள்ளவர்களே அதை எதிர்த்தார்கள். நம்பாதவனையும் அந்த வாக்கியத்துக்குள் பிடித்துத் தள்ளுவது நியாயமா என்பதே எதிர்ப்பின் சாரம். வோட்டுக்கு விட்டபோது ஆதரவு 41, எதிர்ப்பு 68. எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்று வந்துவிட்டால் எந்தச் சொல் யாரை வெளியே தள்ளும் என்று பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைச் சொல்லும்போது 'நாம்' எப்போதுமே நல்ல பிள்ளை என்று வாசகர் நினைத்துவிடக்கூடாது. கூலி உயர்வு கேட்டுப் போகும்போது, "நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா" என்று ஆரம்பிக்கிற முதலாளியின் 'நாம்' ஒன்று இருக்கிறது. மேடையில் ஏறியவர் "நாம் தியாகம் செய்ய வேண்டும்" என்கிறபோது தியாகம் யாருடையது என்பது கீழே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். எழுத்தாளனின் 'நாம்' இன்னும் மோசம். ஊரையே பார்க்காமல் ஊருக்காகப் பேசிவிடும். ஆனால் அந்தப் பொய்யைப் பிடிக்கவும் தமிழில் வழி இருக்கிறது. "நாமா, நீங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிடலாம். பெரியவர் கேட்டது அந்த ஜாதிக் கேள்விதான்.

திரும்பி நண்பரின் வாக்கியத்துக்கு வருகிறேன். மூலத்தில் அதற்கு முன்னால் இருந்த பத்தியை அன்று அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்து மறுபடி படித்தோம். நெசவாளர்கள் சேமிப்பதில்லை, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்குகிறார்கள் என்றுதான் கட்டுரையாசிரியர் எழுதிக்கொண்டு போகிறார். முன்பணத்தைப் பற்றி அங்கே ஒரு வரி இல்லை. முன்பணம் வாங்கினவன் அதைத் தீர்க்காமல் வேறு இடத்துத் தறிக்குப் போக முடியாது என்பதைப் பற்றியும் இல்லை. ஆகவே அவருடைய 'தெம்செல்வ்ஸ்' ஊரையோ தொழிலையோ குறிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே குறித்தது. கூட்டுறவுச் சங்கம் வைத்து, தமக்குத் தாமே முதலாளியாக இருந்து பார்த்த நெசவாளர்களின் கதை அவர் கண்ணில் படவே இல்லை. கோ-ஆப்டெக்ஸ் 1935ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 'தாம்' என்ற சொல்லுக்கு 'எல்லாரும் சேர்ந்து' என்ற அர்த்தமும் உண்டு என்று காட்டப் புறப்பட்ட முயற்சி அது. வெற்றி தோல்வியை எடைபோடுவது வேறு விஷயம். நெசவாளனுக்கு அவரவர் கடன், அவரவர் குற்றம் என்பதைத் தவிர வேறு கணக்கே கிடையாது என்று எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

அப்படியானால் சரியான மொழிபெயர்ப்பு என்ன? ஆசிரியரின் அபிப்பிராயத்தை மாற்ற மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை. 'நம்மை' என்று போட்டால் நமக்குத் திருப்தியாக இருக்கும், மூலத்துக்குத் துரோகமாகிவிடும். 'தங்களை' என்று விட்டுவைத்தால் அவர் யாரைச் சொல்கிறார் என்பது மூடியே கிடக்கும். நண்பர் யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'இந்தக் கடனுக்கு நெசவாளர்கள் அவரவர் தம்மைத்தாம் நொந்துகொள்ள வேண்டும்' என்று எழுதினார். எழுதினதும் வாக்கியத்தின் வழவழப்புப் போய்விட்டது. அதில் இருந்த கடுமை முழுதும் வெளியே வந்து நின்றது.

பெரியவரிடம் படித்துக் காட்டினோம். அவர் கோபித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஆமா, அவர் சொல்றது அதுதான். இப்ப பதில் சொல்லலாம்" என்றார்.

பதிலும் சொன்னார். பட்டு விலையில் ஆரம்பித்து, சரிகை, கூலி, முன்பணம், பெரிய பெண்ணின் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு போனார். தம்முடைய பங்குக் குற்றத்தையும் மறைக்கவில்லை. நண்பர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பின் பின்னால் அதை ஒரு தனிப் பகுதியாகச் சேர்க்கலாம் என்று இருக்கிறார். மங்கலான வாக்கியத்தோடு யாராலும் வாதாட முடியாது. ஆசிரியருக்கு நியாயம் செய்வதற்காகத் தெளிவாக்கின வாக்கியம், அவர் குற்றம் சாட்டின மனுஷருக்கும் வாயைத் திறக்க இடம் கொடுத்தது.

பேசி முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. அந்த அம்மாள் காலையிலிருந்து எங்களோடு பேசினபோதெல்லாம் "நாங்க நெய்யறோம், நாங்க கட்டிக்கறதில்ல" என்று 'நாங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அது நியாயமான 'நாங்க'. அதற்குள் நுழைய எனக்குப் பாத்தியதை இல்லை. இப்போது தாரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நேரமாச்சு, வாங்க, நாம சாப்பிடலாம்" என்றார்.